சட்டைப்பையில் ஒரு பட்டறை: மல்டி டூல் வாங்குகிறவர்கள் என்னிடம் கேட்டவை

வள்ளியூருக்குக் கிழக்கே கிணற்று மோட்டார்களைப் பழுது பார்ப்பது என் தொழில். இடுப்பில் எப்போதும் ஒரு மல்டி டூல் கிடக்கும். பார்க்கிறவர்கள் "அண்ணாச்சி, இங்கே கொடுங்கள்" என்று வாங்கி, ஒவ்வொரு மடிப்பாக விரித்து, நகம் உடைந்ததும் திருப்பித் தருவார்கள். பிறகு கேள்விகள் ஆரம்பிக்கும். மொத்தமே பத்துப் பதினைந்து கேள்விகள்தான். கேட்கிற ஆள் மட்டும் மாறுவார். ஒரே பதிலைத் தேநீர்க்கடை பெஞ்சில் திரும்பத் திரும்பச் சொல்லி அலுத்துவிட்டதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

மல்டி டூல் என்றால் என்ன? பேனாக்கத்தியும் அதுவும் ஒன்றா?

மடக்கினால் உள்ளங்கைக்குள் அடங்கும். விரித்தால் கத்தி, கத்தரி, திருப்புளி, அரம், குறடு என்று ஒவ்வொன்றாக வெளியே வரும். இதில் இரண்டு குடும்பங்கள் உண்டு.

முதல் குடும்பம் சுவிஸ் பேனாக்கத்தி. கார்ல் எல்சனர் என்ற கத்தித் தொழிலாளி 1884இல் சுவிட்சர்லாந்தின் ஈபாக் என்ற ஊரில் பட்டறை போட்டார். 1891இல் அந்நாட்டு ராணுவத்துக்குச் சிப்பாய்க் கத்தி கொடுக்கத் தொடங்கினார். அதில் இருந்தவை நான்கே: ஒரு அலகு, துளையிடும் ஊசி, டின் திறப்பான், திருப்புளி. திருப்புளி எதற்கு என்றால், அன்றைய ராணுவத் துப்பாக்கியைக் கழற்றித் துடைக்க. 1897இல் அதிகாரிகளுக்கென்று இன்னொரு கத்தி வந்தது. இன்று கடையில் தொங்கும் சிவப்புக் கத்திகளெல்லாம் அதன் பேரப்பிள்ளைகள். எல்சனரின் தாயார் பெயர் விக்டோரியா. அதோடு துருப்பிடிக்காத எஃகைக் குறிக்கும் 'இனாக்ஸ்' என்ற சொல்லைச் சேர்த்து விக்டோரிநாக்ஸ் ஆயிற்று.

இரண்டாவது குடும்பம் நடுவில் குறடு உள்ளது. டிம் லெதர்மேன் என்ற அமெரிக்கர் 1975இல் மனைவியோடு ஒரு பழைய ஃபியட் காரில் ஐரோப்பாவைச் சுற்றினார். காரும் பழுதானது, தங்கிய விடுதிகளில் குழாயும் ஒழுகியது. கையில் பேனாக்கத்தி இருந்தது, குறடு இல்லை. ஊர் திரும்பி வருடக்கணக்கில் ராவிப் பார்த்து, 1983இல் ஓரிகனில் உள்ள போர்ட்லாந்தில் ஒரு கூட்டாளியுடன் கம்பெனி தொடங்கினார். குறடுள்ள எல்லா மல்டி டூலையும் இன்று சிலர் 'லெதர்மேன்' என்றே சொல்வது அதனால்தான்.

நமக்கும் இது புதிதல்ல. என் தாத்தாவின் அரைஞாண் கயிற்றில் ஒரு வளையம் தொங்கும். அதில் முள்வாங்கியும், காதுக் குறும்பி எடுக்கும் சின்னக் கரண்டியும் கோத்திருக்கும். திசையன்விளை, உடன்குடிப் பக்கத்துப் பனையேறியின் இடுப்பில் தொங்கும் அரிவாள் பெட்டியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: பாளை சீவும் அரிவாள், பாளையை நசுக்கும் கடிப்பு என்று தொழிலுக்கு வேண்டியது அத்தனையும் அதில் இருக்கும், வேண்டாதது ஒன்றுகூட இருக்காது. மல்டி டூல் வாங்குகிறவர்கள் அந்தப் பெட்டியை ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போகலாம்.

எனக்கு இது உண்மையில் தேவைப்படுமா?

ஒரு தாளை மடித்துச் சட்டைப்பையில் வையுங்கள். பத்து நாள், "இப்போது ஒரு கத்தி இருந்தால், ஒரு திருப்புளி இருந்தால்" என்று தோன்றும்போதெல்லாம் எது வேண்டியிருந்தது என்று ஒரு சொல் குறித்துக்கொள்ளுங்கள். பத்தாம் நாள் அந்தத் தாள்தான் உங்கள் மல்டி டூலின் வரைபடம்.

என் தம்பி பாளையங்கோட்டையில் ஒரு அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறான். அவன் தாளில் பார்சல் பிரிக்க, நூல் வெட்ட, மூக்குக்கண்ணாடித் திருகு இறுக்க, மாத்திரை அட்டை வெட்ட என்று வந்தது. குறடு என்ற சொல்லே இல்லை. ஆனால் அவன் வாங்க ஆசைப்பட்டது கால் கிலோ எடையுள்ள குறடு. என் தாளில் பாதிக்கு மேல் குறடுதான்.

தாள் காலியாகவே இருந்தால் அந்தப் பணத்துக்கு வேறு செலவு பாருங்கள்.

குறடு உள்ளதா, கத்தரி உள்ளதா? எதை வாங்குவது?

இந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டால் முக்கால்வாசி வேலை முடிந்தது. கம்பியை முறுக்க, ஆணியைப் பிடுங்க, இறுகிய குழாய் மூடியைத் திருக, சூடான பாத்திரத்தைப் பிடிக்கக் குறடு வேண்டும். தோட்டம், ஆடுமாடு, பைக், மோட்டார் என்று வெளியில் அலைகிறவருக்கு அது இல்லாமல் ஆகாது. வீடு, அலுவலகம், கடை, பள்ளிக்கூடம் என்று இருப்பவருக்குக் கத்தரியே அதிகம் பயன்படும். நான் இவ்வளவு சொன்னாலும் பலர் குறட்டைத்தான் வாங்குவார்கள், பார்க்க மிடுக்காக இருக்கிறதே! மூன்று மாதத்தில் அது மேசை இழுப்பறைக்குள் போய்விடும்.

கத்தரியின் தரத்தில் நான் கறாராக இருப்பேன். முக்கூடலில் பீடி சுற்றும் என் அத்தை ஒருத்தி. வாங்கிய புதிதில் என் மல்டி டூலை அவளிடம் பெருமையாக நீட்டினேன். அதன் கத்தரியால் ஒரு பீடி இலையை வெட்டிப் பார்த்தாள். ஓரம் நசுங்கிப் பிசிறடித்தது. ஒன்றும் பேசாமல் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தன் கத்தரியை எடுத்து அடுத்த இலையை வெட்டினாள். அன்றிலிருந்து எந்தக் கருவி வாங்கினாலும் கத்தரியைத்தான் முதலில் சோதிக்கிறேன். இந்த விஷயத்தில் சுவிஸ் கத்திகளின் சின்னக் கத்தரியை அடிக்க ஆளில்லை என்பது என் அனுபவம்.

சாமணம் எதற்கு? அது வெறும் அலங்காரம்தானே?

உடைமரமும் சீமைக்கருவேலும் மண்டிய ஊரில் இருந்துகொண்டு இப்படிக் கேட்கக் கூடாது.

திசையன்விளை ரோட்டில் ஆடு மேய்க்கும் பையன் ஒருவன் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தான். குதிகாலில் உடைமுள் ஏறி, பாதியில் ஒடிந்து, தோலுக்குள் கறுப்புப் புள்ளியாகத் தெரிந்தது. குறட்டின் மூக்கு அதைப் பிடிக்கவே இல்லை, அத்தனை தடிமன். பேனாக்கத்தியின் கைப்பிடியில் செருகியிருக்கும் சாமணத்தை எடுத்து, அவன் சட்டையில் குத்தியிருந்த ஊக்கால் தோலை லேசாக நெம்பி, செல்போன் வெளிச்சத்தில் இழுத்தேன். அரை அங்குல முள் வந்தது. பையன் முள்ளை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா!" என்று ஏமாற்றத்தோடு கேட்டான்.

அந்தச் சாமணம் தொலைந்துபோகிற ஜாதி. ஆனால் தனியாக வாங்கிச் செருகிக்கொள்ளலாம்.

'முப்பது கருவிகள்' என்று அட்டையில் போட்டிருக்கிறதே, அது நல்லதா?

எண்ணுகிற விதத்தில்தான் சூட்சுமம் இருக்கிறது. குறட்டின் ஒரே வாயை எடுத்துக்கொள்ளுங்கள். நுனி ஒரு கருவி, நடுப்பல் ஒரு கருவி, கம்பி வெட்டும் இடம் ஒரு கருவி, கெட்டிக் கம்பி வெட்டும் பள்ளம் இன்னொன்று, கம்பி நசுக்கும் இடம் மற்றொன்று. கைப்பிடியில் அளவுகோல் கீறியிருந்தால் அதுவும் ஒரு கருவி. லெதர்மேன் வேவ் பிளஸ்ஸுக்கு 18 என்று கணக்குச் சொல்கிறார்கள். அதிலும் வாய் ஒன்றே நாலைந்தைத் தின்றுவிடும். நல்ல கம்பெனிக்காரர்களே இப்படி எண்ணும்போது, பெயரில்லாதவர்கள் முப்பது போடுவதில் வியப்பென்ன?

கருவிகள் கூடக்கூடப் பருமன் கூடும், ஒவ்வொன்றும் மெலியும். உங்கள் தாளில் உள்ளவை ஆறு என்றால் ஆறோ ஏழோ உள்ளதைப் பாருங்கள்.

ஒன்றே ஒன்று: பழைய சுவிஸ் மாதிரிகளில் ஒயின் புட்டியின் தக்கையைப் பிடுங்கும் திருகு இருக்கும். நமக்கெதற்கு என்று தோன்றும். அதற்குப் பதில் ஸ்டார் திருப்புளி வேண்டுமென்றால் ஸ்பார்ட்டன் என்ற சுவிஸ் மாதிரியை விட்டுவிட்டு டிங்கர் என்ற மாதிரியை வாங்கலாம். கத்தரியும் வேண்டுமென்றால் சூப்பர் டிங்கர். ஆனால் அந்தத் திருகின் சுருளுக்குள் மூக்குக்கண்ணாடிக்கான குட்டித் திருப்புளி ஒன்றைச் சுழற்றி ஏற்றி வைக்கலாம். ஆட்டுக்கயிற்றில் இறுகிப்போன முடிச்சை அவிழ்ப்பதிலும் அதைப் போல வேறொன்று இல்லை. நான் முதலில் கேலி செய்தவன்; இப்போது செய்வதில்லை.

எவ்வளவு எடை உள்ளதை எடுத்துச் செல்லலாம்?

நீங்கள் பேன்ட் போடுகிறவரா, வேட்டி கட்டுகிறவரா என்பதைப் பொறுத்தது. வேவ் பிளஸ் 241 கிராம். லெதர்மேனின் இன்னொரு மாதிரியான ஸ்கெலிடூல் 142 கிராம். சுவிஸ் கிளைம்பர் சுமார் 80 கிராம். சாவிக்கொத்தில் தொங்கும் 58 மில்லிமீட்டர் நீளமுள்ள கிளாசிக், 20 கிராமுக்குச் சற்று மேல்.

200 கிராமைச் சட்டைப்பையில் போட்டால் குனிகிறபோது விழும். வேட்டி மடியில் செருகினால் வேட்டியே விழும். பெல்ட் கட்டாதவர்கள் 100 கிராமுக்குள் பாருங்கள். இல்லையென்றால் மடியில் வைத்து, கயிற்றால் அரைஞாணில் கட்டிவிடுங்கள். தாத்தாவின் முறைதான், கேலி செய்வார்கள், ஆனால் தொலையாது. பணகுடி, ராதாபுரம் பக்கம் காற்றாலைக் கோபுரத்தில் ஏறுகிறவர்கள் கருவிகளைக் கயிற்றால் பிணைத்துக்கொண்டுதான் ஏறுவார்கள். அந்த உயரத்திலிருந்து கால் கிலோ எஃகு விழுந்தால் கீழே நிற்பவர் கதி என்ன?

பெண்களுக்கு எது சரி?

ஆண்களுக்கு எது சரியோ அது. அந்தப் பத்து நாள் தாளுக்கு ஆண் பெண் தெரியாது.

கத்திக்குப் பூட்டு அவசியமா?

பூட்டு என்பது, விரித்த அலகு தானாக மடங்காதபடி பிடித்துக்கொள்ளும் தகடு. நடுத்தர அளவு சுவிஸ் கத்திகளில், அதாவது 91 மில்லிமீட்டர் வகையில், அலகுக்குப் பூட்டு கிடையாது. முதுகு வில்லின் இறுக்கம் மட்டும்தான். வெட்டுவதற்கு அது போதும். குத்துவதற்குப் போதாது.

இதை விரல் கொடுத்துக் கற்றேன். ஒரு தோட்டத்தில் பிளாஸ்டிக் டிரம்மில் குழாய் நுழைய ஓட்டை போட வேண்டியிருந்தது. சோம்பேறித்தனப்பட்டுப் பேனாக்கத்தியின் நுனியால் குத்தினேன். நுனி மாட்டிக்கொண்டது. ஆட்டி எடுக்கப் பார்த்தபோது அலகு மடங்கி ஆள்காட்டி விரலில் இறங்கியது. மூன்று தையல். தவறு கத்தியுடையதல்ல. தோட்டம், மரம், டிரம் என்று முரட்டு வேலை இருப்பவர்கள் பூட்டுள்ளதை வாங்குங்கள். வாங்கிய பிறகு பூட்டை விடுவிக்கும்போது கட்டைவிரல் அலகின் பாதையில் நிற்காமல் பழகிக்கொள்ளுங்கள். பூட்டுள்ள கத்தியில் காயம் பெரும்பாலும் மூடும்போதுதான்.

ஒரு கையால் திறக்க முடிவது அவ்வளவு முக்கியமா?

மேசையில் உட்கார்ந்து வேலை செய்கிறவருக்கு இல்லை. ஏணியில் ஒரு கை, ஆட்டின் கழுத்துக்கயிற்றில் ஒரு கை என்று இருக்கிறவருக்கு முக்கியம். மடக்கிய நிலையிலேயே அலகு வெளிப்பக்கம் இருக்கும் மாதிரிகளில் குறட்டை விரிக்காமலேயே கட்டைவிரலால் திறக்கலாம். அலகு உள்ளே இருக்கும் மாதிரியில் கருவியை முழுதாகப் பிரித்துத்தான் எடுக்க வேண்டும்.

கரண்ட் வேலைக்குப் பயன்படுத்தலாமா?

கூடாது. என் தொழிலே கரண்டோடு என்பதால் இதை மட்டும் சற்று நீட்டிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மல்டி டூலின் கைப்பிடி வெறும் எஃகு. சிலவற்றில் பிளாஸ்டிக் ஒட்டியிருக்கும், அது பிடிமானத்துக்கு. மின்சாரத்தைத் தடுக்க அல்ல. மின்வேலைக்கென்று செய்த குறட்டின் கைப்பிடியில் இரட்டை முக்கோணக் குறியும் 1000 வோல்ட் என்ற எழுத்தும் இருக்கும். அந்தக் குறி உள்ள மல்டி டூல் எதையும் நான் கண்டதில்லை. வீட்டு இணைப்பு 230 வோல்ட். தோட்டத்து மும்முனை மோட்டாரில் இரண்டு முனைகளுக்கிடையே 415 வோல்ட். தண்ணீர் பாய்ந்த வரப்பில் செருப்பில்லாமல் நின்றுகொண்டு, ஸ்டார்டர் பெட்டியைத் திறந்து, மல்டி டூலால் ஃபியூஸ் கம்பியை இழுக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பார்க்கிற எனக்கு நெஞ்சு அடைக்கிறது, செய்கிறவர்கள் சிரிக்கிறார்கள்.

மெயின் ஸ்விட்சை இறக்குங்கள். பிறகு டெஸ்டரை வைத்துப் பாருங்கள். அதற்கும் முன்னால், கரண்ட் இருக்கும் என்று நிச்சயமாகத் தெரிந்த இடத்தில் டெஸ்டரை வைத்து அது எரிகிறதா என்று பாருங்கள். செத்த டெஸ்டர் எல்லா இடத்திலும் கரண்ட் இல்லை என்றுதான் சொல்லும். ஒருமுனை மோட்டாராக இருந்தால் கெபாசிட்டரை மறக்காதீர்கள். ஸ்விட்சை இறக்கிய பிறகும் அது சற்று நேரம் மின்னூட்டத்தை வைத்திருக்கும். எஃகுத் திருப்புளியின் நுனி பட்டால் பொறி பறந்து நுனியே கருகும்.

பேட்டரி 12 வோல்ட்தானே என்பார்கள். உடம்பில் ஷாக் அடிக்காது, சரி. ஆனால் பாசிட்டிவ் முனையை நீங்கள் திருகும்போது கருவியின் மறுமுனை பைக்கின் சட்டத்தில் பட்டால், கருவி அங்கேயே பற்றவைத்ததுபோல் ஒட்டிக்கொள்ளும். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில்.

கரண்ட் இல்லாத கம்பியின் உறையை உரிக்க, முனையை முறுக்க மல்டி டூல் நன்றாகவே உதவும். அதற்கு மேல் வேண்டாம்.

பைக்கில் இது ஒன்று இருந்தால் போதாதா?

போதாது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்ற அதற்கான குழல் ஸ்பேனர்தான் வேண்டும். நட்டைக் குறட்டால் திருகினால் மூலைகள் மழுங்கும். மழுங்கிய நட்டைக் கொண்டுபோனால் மெக்கானிக் உங்களை முறைப்பார், அதில் நியாயம் இருக்கிறது. கேபிள் நுனி பிரிந்தால் முறுக்க, தளர்ந்த கண்ணாடித் திருகை இறுக்க, செயினில் சுற்றிய நாரை வெட்ட இது உதவும்.

டியூப்லெஸ் டயரில் முள்ளோ ஆணியோ ஏறியிருந்தால், குறடு கையில் இருக்கிறதே என்று அங்கேயே பிடுங்கிவிடாதீர்கள். அது இருக்கும்வரை காற்று மெல்லத்தான் இறங்கும். பஞ்சர் கடை வரைக்கும் அதுவே அடைப்பான்.

கடல்கரை ஊரில் துருப்பிடிக்குமா? எந்த எஃகு நல்லது?

உவரியிலும் இடிந்தகரையிலும் ஜன்னல் கம்பியே உதிர்கிறது. உங்கள் சட்டைப்பையிலிருக்கும் கத்தி என்ன விதிவிலக்கா? துருப்பிடிக்காத எஃகு என்று நாம் சொல்வது உண்மையில் மெதுவாகத் துருப்பிடிக்கும் எஃகு. குரோமியம் சேர்ப்பதால் மேலே ஒரு மெல்லிய படலம் உண்டாகி இரும்பைக் காக்கிறது. உப்பு அந்தப் படலத்தைத் துளைக்கும். வியர்வையும் உப்புதான்.

லெதர்மேன் மாதிரிகள் பலவற்றின் அலகு 420 எச்.சி. (420HC) என்ற எஃகு வகையைச் சேர்ந்தது. அதைவிடக் கடினமான, கூர்மை நீடிக்கும் எஃகுகள் விலை உயர்ந்த மாதிரிகளில் உண்டு. ஆனால் நம்மூர்க் காற்றுக்கும் நம் சோம்பலுக்கும் 420 எச்.சி.யே பொருத்தம்: துருவைத் தாங்கும், சாணைக்கு எளிதில் வசப்படும்.

பராமரிப்பு எளிது. வாழைக்கறை, மாங்காய்ப்பால், இளநீர், கடல்தண்ணீர் பட்டால் அன்றே கழுவுங்கள். எல்லாவற்றையும் விரித்து, வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் கீல்களைத் தேய்த்து, வெயிலில் நன்றாகக் காயவைத்து, ஒவ்வொரு கீலிலும் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு. தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். நாளானால் பிசுபிசுத்து, தேரிக்காட்டுச் செம்மணலைப் பிடித்துக்கொண்டு கீலை அரைக்கும்.

கூர் மழுங்கினால் சாணைக்காரரிடம் கொடுக்கலாமா?

அரிவாளுக்குக் கொடுங்கள், இதற்கு வேண்டாம். சுழலும் சாணைச் சக்கரத்தில் மெல்லிய அலகு நொடியில் சூடேறும். நுனி நீலம் பாய்ந்தால் எஃகின் பதம் போயிற்று. பிறகு எத்தனை தீட்டினாலும் கூர் நிற்காது.

வீட்டில் பீங்கான் காபிக் கோப்பை இருக்கிறதா? கவிழ்த்து வையுங்கள். அடியில் பளபளப்பு இல்லாமல் சொரசொரப்பாக ஒரு வளையம் தெரியும். அதுதான் சாணைக்கல். அலகை வளையத்தின் மேல் படுக்கவைத்து, முதுகுப்பக்கம் சற்றே, ஏறக்குறைய 20 டிகிரி, தூக்குங்கள். மெல்லிய தோலைச் சீவுவதுபோல் பக்கத்துக்குப் பத்துத் தடவை மாறி மாறி இழுங்கள். கோப்பையில் கறுப்புக் கோடு விழும், அது எஃகு. செய்தித்தாளின் ஓரத்தைப் பிடித்து வெட்டிப் பாருங்கள். கிழியாமல் வெட்டினால் போதும். ரம்பப் பல் உள்ள அலகை இப்படித் தீட்ட முடியாது என்பதாலேயே நான் பல் அலகு வாங்குவதில்லை.

போலீஸ் பிடிக்குமா?

அரிவாள் வெட்டுச் செய்திகளால் நெல்லைச் சீமையில் இந்தக் கேள்விக்குக் கூடுதல் கனம் உண்டு. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின் கீழ் வரும் விதிகள், அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்தி, வாள் வகைகளை ஆயுதமாகக் கணக்கிடுகின்றன. வீடு, விவசாயம், தொழில் ஆகியவற்றுக்கென்று செய்தவற்றுக்கு விலக்கும் இருக்கிறது. மல்டி டூலின் அலகு 3 அங்குலம் இருந்தாலே பெரிது.

சட்டம் அப்படி. சோதனையில் நிற்கும் காவலர் அங்குலக்கோலோடு நிற்பதில்லை. கேட்டால் குறட்டை முதலில் விரித்துக் காட்டுங்கள், என்ன வேலை செய்கிறீர்கள் என்று சொல்லுங்கள். நீதிமன்றம், ஆட்சியர் அலுவலகம், வாக்குச்சாவடி, கூட்டம் நெரியும் கோவில் கொடை என்று போகிற நாளில் வீட்டிலேயே வைத்துவிடுவது உத்தமம். பள்ளி, கல்லூரி மாணவர்கள் பையில் எடுத்துச் செல்லவே வேண்டாம். தற்செயலாகக் கிடந்தது என்று சொன்னால் இன்றைய நிலையில் எந்தத் தலைமையாசிரியரும் நம்பமாட்டார்.

விமானத்தில்?

தூத்துக்குடி வாகைக்குளமோ, மதுரையோ, திருவனந்தபுரமோ, எந்த விமான நிலையத்திலும் கைப்பையில் விடமாட்டார்கள். செக்-இன் பெட்டிக்குள் போடுங்கள். சாவிக்கொத்தில் தொங்கும் சின்னக் கத்தியை மறந்துவிட்டுப் போய், வாசலில் இருக்கும் பெட்டியில் போட்டுவிட்டு வந்தவர்களில் நானும் ஒருவன்.

எவ்வளவு செலவாகும்? மலிவானது வாங்கலாமா?

சின்ன சுவிஸ் கத்தி சில ஆயிரத்துக்குள் முடிந்துவிடும். பெரிய லெதர்மேன் பத்தாயிரத்தைத் தாண்டும். நடுவில் நெக்ஸ்டூல், கான்சோ போன்ற சீனத் தயாரிப்புகள் உண்டு. சீனா என்பதாலேயே ஒதுக்க வேண்டியதில்லை. ஒதுக்க வேண்டியது, பெயரே இல்லாமல், சில நூறு ரூபாய்க்கு, சுத்தியலும் கோடரியும் சேர்ந்து வருகிற பொருளை. அதன் குறடு ஒரு ஆணியைப் பிடுங்குவதற்குள் வாய் கோணிக்கொள்ளும்.

அவ்வளவு பணம் இல்லையென்றால் என் ஆலோசனை: டப்பாரியா கட்டிங் பிளேயர் ஒன்றை வாங்கிப் பைக் பெட்டியில் போடுங்கள். சட்டைப்பையில் ஒரு சின்னப் பேனாக்கத்தி. மட்டமான மல்டி டூல் ஒன்றைவிட இந்த ஜோடி பல மடங்கு உழைக்கும்.

கடையில் எப்படிச் சோதிப்பது?

கையில் கொஞ்சம் வாழைநாரும் பூக்கட்டும் நூலும் கொண்டுபோங்கள். கத்தரியின் நுனியால் நூலை வெட்டுங்கள். நூல் மடிந்து இடுக்கில் நுழைந்தால் வேண்டாம். ஈர நாரை அலகால் ஒரே இழுப்பில் வெட்டுங்கள். குறட்டின் வாயை மூடி வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். நுனி முதலில் சேர வேண்டும், நுனியில் வெளிச்சம் தெரிந்தால் வைத்துவிடுங்கள். விரித்த திருப்புளியைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். குறட்டை அழுத்திப் பிடித்துப் பாருங்கள். உள்ளங்கையில் விளிம்பு குத்தினால், இன்று கடையில் குத்துவது நாளை தோட்டத்தில் கொப்புளமாகும். கடைக்காரர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும்.

வாரண்டி பயன்படுமா?

லெதர்மேனுக்கு 25 வருடம். விக்டோரிநாக்ஸ் கத்திக்குப் பொருளிலோ செய்வதிலோ குறை இருந்தால் ஆயுள் முழுதும். தேய்மானமும் முரட்டுக் கையாளலும் இதில் சேராது. அலகை நெம்புகோலாக்கி ஒடித்துவிட்டு வாரண்டி கேட்கக் கூடாது. பில்லைப் படம் எடுத்து வையுங்கள்; நம் ஊர் பில்லில் மை ஒரு கோடைகூடத் தாங்காது.

கிணற்றில் விழுந்துவிட்டால் எடுக்க முடியுமா?

சிரிப்பார்கள் என்று தெரிந்தும் இதைச் சேர்க்கிறேன், நான்கு பேர் கேட்டுவிட்டார்கள். முடியும். என்னுடையதே விழுந்தது. கயிறு கட்டச் சொல்லி ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிறவன், அன்று கட்டவில்லை. நாற்பதடிக் கிணற்றில் குழாயைப் பார்க்கக் குனிந்தேன், சட்டைப்பையிலிருந்து நழுவியது. சத்தம் மட்டும் கேட்டது.

தோட்டத்து ஆச்சி பாதாளக்கரண்டியைக் கொடுத்தார். வாளிக்கு மாட்டும் கொக்கி உள்ளங்கைக் கருவிக்கு மாட்டுமா? இரண்டு மணி நேரம் துழாவி, ஒரு பழைய தேங்காய்ச் சிரட்டையும் யாருடையதோ செம்பும் வந்தன. ஆச்சி செம்பை அடையாளம் கண்டு மகிழ்ந்ததுதான் மிச்சம். பதினோராம் நாள்தான் புத்தி வந்தது. இந்த வகை எஃகைக் காந்தம் இழுக்கும். பழைய ஸ்பீக்கரிலிருந்து காந்தத்தை உருவி, நைலான் கயிற்றில் கட்டி இறக்கினேன். மூன்றாவது முறை 'டக்' என்று கயிற்றில் தெரிந்தது. மெல்ல மேலே இழுத்தேன்.

சேறு கழுவி விரித்தபோது குறட்டின் கீலில் செம்பழுப்பாகத் துரு, ரம்பத்தின் அடியில் ஒரு புள்ளி. அலகு அப்படியே இருந்தது. சோப்பு, பிரஷ், ஒரு பகல் வெயில், நான்கு சொட்டுத் தையல் மெஷின் எண்ணெய். ரம்பத்தின் புள்ளி மட்டும் இன்னும் போகவில்லை. கயிறு இப்போது கட்டியிருக்கிறேன்.